ஜெட்டி இடிந்தால் யார் காசு கொடுப்பது?

தாராவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "எங்கள் அம்மா இருபது வருஷமாக விடியற்காலையில் படகுத்துறைக்குப் போய் மீன் எடுத்து வந்து விற்கிறார். அந்த ஜெட்டியில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. போன மாதம் அதில் கால் சிக்கி விழுந்துவிட்டார். பேப்பரைத் திறந்தால் துறைமுகத்துக்கு இத்தனை கோடி, மீனவர்களுக்கு அத்தனை கோடி என்று போடுகிறார்கள். அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது? இதைச் சரிசெய்ய யாரைப் போய்க் கேட்பது?"

முதலில் அம்மாவின் காலைக் கவனியுங்கள். துருக்கம்பி கிழித்த காயம் என்றால் டெட்டனஸ் ஊசி போட்டாரா என்று கேளுங்கள். மீன் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குக் காயம் ஆறுவது சிரமம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கடலோரக் கட்டுமான வேலையில் இருந்தவன். பைல், அதாவது தரைக்குள் இறக்கும் தூண், இறக்கும்போது கூட நின்றிருக்கிறேன், எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் அளவு எழுதி பில்லும் போட்டிருக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: பேப்பரில் வரும் கோடிகள் பெரும்பாலும் புதிதாகக் கட்டுவதற்கு. உங்கள் அம்மாவுக்கு வேண்டியது பராமரிப்புப் பணம். இரண்டும் வேறு வேறு பையிலிருந்து வருகின்றன. முதல் பை தடியாக இருக்கும். இரண்டாவது பை எப்போதும் காலி. இதைப் புரிந்துகொண்டால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

சரி, முதலில் அந்த ஜெட்டி யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். மும்பையில் இது லேசான வேலை இல்லை. நம் அரசியல் சட்டத்தில் பெரிய துறைமுகங்கள் மத்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன. மற்ற துறைமுகங்கள் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொதுவான பட்டியலில் வருகின்றன, நடைமுறையில் அவற்றை மாநிலம்தான் நடத்துகிறது. நகரத்தின் கிழக்குக் கரையில் கொலாபாவிலிருந்து சிவ்ரி, வடாலா வரை இருக்கும் டாக்குகளும் (கப்பல் நிற்கும் துறைகள்) பந்தர்களும் (படகுத்துறைகள்) பெரும்பாலும் மும்பை துறைமுக ஆணையத்தின் கையில். நம் ஆட்கள் இன்றைக்கும் 'போர்ட் டிரஸ்ட்' என்றுதான் சொல்வார்கள். 2021ஆம் ஆண்டின் சட்டம் வந்த பிறகு அந்த 'டிரஸ்ட்' 'ஆணையம்' ஆகிவிட்டது. மாண்ட்வா, ரேவஸ் மாதிரி அக்கரையில் இருக்கும் துறைகள் மகாராஷ்டிர கடல்சார் வாரியத்தைச் சேர்ந்தவை. இந்த வாரியம் 1996ஆம் ஆண்டின் சட்டப்படி வந்தது. அப்புறம் கோலிவாடாக்களில், அதாவது கோலி மீனவர் குடியிருப்புகளில், இருக்கும் சின்னச் சின்ன மீன் இறங்குதளங்கள் பலவற்றை மாநில மீன்வளத் துறையும் இந்த வாரியமும் கட்டிக் கொடுத்திருக்கும்.

இதில் வரும் சிக்கலைப் பாருங்கள். நிலம் ஒருவருடையதாக இருக்கும். அதில் மீன் இறக்குகிறவர்கள் இன்னொரு துறையின் கீழ் வருவார்கள். ஐஸ் மில்லும் ஏலக் கூடமும் மூன்றாவது ஆளுக்குக் குத்தகை போயிருக்கும். துப்புரவு மாநகராட்சிதானே என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பலகை உடைந்தால் நாலு பேரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். அதனால் யார் மீது தப்பு என்று ஆரம்பிக்காதீர்கள். இந்தக் கட்டுமானம் யாருடைய சொத்துப் பதிவேட்டில் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவர்தான் பராமரிப்புக்குப் பொறுப்பு.

பெரிய துறைமுகத்தின் பணம் எப்படி வருகிறது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1860களில் பம்பாயில் பஞ்சு வியாபாரம் கொழித்த சமயம், கடலை நிரப்பி நிலமாக்கிப் படகுத்துறை கட்டும் வேலையைத் தனியார் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. எல்பின்ஸ்டன் லாண்ட் அண்ட் பிரஸ் கம்பெனி அதில் பெரியது. சரக்கு இறக்கும் கரை முழுக்க ஒரே முதலாளியின் கையில் போய்விட்டால் அவர் வைத்ததுதான் கூலி, அவர் சொன்னதுதான் வாடகை என்று ஆகிவிடும் என அரசு பயந்தது. கம்பெனியின் சொத்தை விலைக்கு வாங்கி, 1873இல் போர்ட் டிரஸ்ட்டை அமைத்தது. 1875இல் சாசூன் குடும்பத்தார் கொலாபாவில் கட்டிய டாக்கையும் 1879இல் டிரஸ்ட் வாங்கிவிட்டது. பிறகு பிரின்ஸஸ் டாக், விக்டோரியா டாக், 1914இல் இன்று இந்திரா டாக் என்று சொல்கிற அலெக்ஸாண்ட்ரா டாக் எல்லாம் வந்தன. இவற்றுக்கான பணத்தைக் கடனாக வாங்கினார்கள். வந்து போகும் கப்பல்களிடமும் சரக்குகளிடமும் கட்டணம் வாங்கி அந்தக் கடனை அடைத்தார்கள்.

அந்த ஏற்பாடு பெரும்பாலும் இன்றைக்கும் அப்படியேதான். பெரிய துறைமுகம் தன் வருமானத்தில் தானே ஓட வேண்டும். கப்பல் கட்டணம், பைலட் கட்டணம், சரக்குக்கான கூலி, நில வாடகை ஆகியவைதான் அதன் வருமானம். மத்திய பட்ஜெட்டிலிருந்து குறிப்பிட்ட திட்டங்களுக்கு உதவி வரும். தினப்படி செலவுக்கு வராது. மும்பையின் கஷ்டம் என்னவென்றால், 1989இல் எதிர்க்கரையில் நவ சேவா துறைமுகம் வந்ததும் கண்டெய்னர் சரக்கு மெல்ல மெல்ல அங்கே போய்விட்டது. இங்கே தங்கியது பழைய டாக்குகளும், பழைய கட்டடங்களும், பெரிய ஓய்வூதியப் பொறுப்பும். இன்று வேலையில் இருப்பவர்களைவிட ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் பல மடங்கு அதிகம். வடாலா போர்ட் குவார்ட்டர்ஸில் வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும், எத்தனை குடும்பங்கள் இன்றும் அந்தப் பென்ஷனில் வாழ்கின்றன என்று. அது உழைத்தவர்களின் உரிமைப் பணம், அதைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் வருமானத்தில் பெரும்பகுதி அப்படிப் போன பிறகு, மீன் இறக்கும் ஒரு பழைய படிக்கட்டுக்குப் பட்டியலில் கடைசி இடம்தான் கிடைக்கிறது. மீன்பிடிப் படகால் துறைமுகத்துக்கு வரும் வருமானம் சொற்பம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பேப்பரில் வரும் கோடிகளுக்கு வருகிறேன். மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். முதலாவது சாகர்மாலா. 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட திட்டம். துறைமுகம், கடலோரச் சாலை, பயணிகள் ஜெட்டி, ரோ-ரோ தளம் என்று பலவற்றுக்கும் இதில் மானியம் உண்டு. 2020 மார்ச்சில் பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு காரோடு ஏறிப் போகிற ரோ-ரோ படகு ஓட ஆரம்பித்ததே, அதற்கான தளங்களுக்கும் இந்தத் திட்டத்தின் உதவி இருந்தது. இரண்டாவது மீன்வளத்துக்கான பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம். 2020இல் 20,050 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்தத் தொகை முழுவதும் மத்திய அரசு கையிலிருந்து வருவதில்லை. மத்திய அரசின் பங்கு 9,407 கோடி. மாநிலங்கள் 4,880 கோடி போட வேண்டும். மீதி 5,763 கோடி பயனாளிகளே போட வேண்டிய பணம். மகாராஷ்டிரம் மாதிரி மாநிலத்தில் மீன்பிடித் துறைமுகம் போன்ற பொது வேலைக்கு மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. மாநிலம் தன் 40ஐ ஒதுக்கவில்லையென்றால் அந்த 60உம் அசையாது. தலைப்புச் செய்தியில் ஒரே எண்ணாக வருவதால் இதெல்லாம் நமக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது, 2018-19இல் 7,522 கோடி ரூபாய்க்கு அறிவித்த மீன்வள உள்கட்டமைப்பு நிதி. பெயரில் நிதி என்று இருந்தாலும் இது கடன். நபார்டு அல்லது வங்கி கடன் கொடுக்கும். வட்டியில் 3 சதவீதம் வரை மத்திய அரசு ஏற்கும். அசலை 12 வருஷத்தில் மாநிலம் திருப்பிக் கட்ட வேண்டும், முதல் இரண்டு வருஷம் மட்டும் அசல் கட்ட வேண்டியதில்லை. கடனை மானியம் என்று நினைத்துக்கொண்டு 'பணம் வந்தது, தின்றுவிட்டார்கள்' என்று பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தின்றவர்களும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால், பணம் எந்த வகையில் வந்தது என்று பார்க்க வேண்டும்.

இந்தத் திட்டங்களில் 'நவீனப்படுத்தல்' என்ற தலைப்பின் கீழ் பழைய படகுத்துறையையும் சேர்க்க முடியும். ஆனால் பெயர்ந்த சிமெண்டைப் பூசுவது, படகு மோதும் அடியைத் தாங்கும் ரப்பர் ஃபெண்டர் அறுந்துபோனால் மாற்றுவது, கயிறு கட்டும் பொல்லார்டை இறுக்குவது, விளக்கு போடுவது மாதிரியான அன்றாட வேலைகள் உரிமையாளரின் சொந்தச் செலவு. மத்திய அரசு பணம் தரும்போதே, கட்டி முடித்த பிறகு நடத்துகிற செலவையும் பராமரிப்புச் செலவையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மாநிலத்திடம் உறுதிமொழி வாங்கிக்கொள்கிறது. அந்த உறுதிமொழிக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு ரூபாய்கூட ஒதுக்காமல் இருப்பதுதான் நம் நாட்டு வழக்கம். முன்பெல்லாம் பட்ஜெட்டில் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்று பிரித்திருப்பார்கள். பராமரிப்பு இரண்டாவதில் வரும். பணத் தட்டுப்பாடு வந்தால் முதலில் வெட்டுவது அதைத்தான். 2017-18இலிருந்து அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டார்கள். வெட்டுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. எம்.பி. நிதி வருஷத்துக்கு 5 கோடி இருக்கிறதே என்பீர்கள். அதன் நோக்கமும் நிலைத்து நிற்கும் சொத்துகளை உருவாக்குவதுதான்.

ஆக, சின்ன ஓட்டைக்குத் திட்டம் கிடையாது. அந்த ஓட்டை பெரிதாகி, ஜெட்டி பாதி விழுந்து, 'புதிதாகக் கட்ட வேண்டும்' என்கிற நிலை வந்தால் திட்டம் உண்டு. எனக்கு இதில் உள்ள வருத்தமே இதுதான்.

ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறேன் என்றால், கடலில் நிற்கும் கான்கிரீட் நம் பட்ஜெட்டுக்காகக் காத்திருக்காது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அம்மா விழுந்த இடத்தில் நடந்தது இதுதான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிக்கு அந்தச் சிமெண்டே ஒரு கவசம். கடல் நீரின் உப்பு, அதாவது குளோரைடு, வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே ஊறி ஒருநாள் கம்பியைத் தொடும். தொட்டதும் கவசம் போய்விடும், துரு ஆரம்பிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே இருந்துகொண்டு நெம்பும். கம்பி போகிற வழியிலேயே நீளமாக விரிசல் விடும், பழுப்புக் கோடு வழியும், தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்கும். அப்புறம் ஒரு நாள் பாளமாகப் பெயர்ந்து விழும்.

எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பகுதி இவ்வளவு சீக்கிரம் கெடாது, அங்கே ஆக்சிஜன் குறைவு. அலை அடித்து நனைந்து, வற்றியதும் காய்கிற இடம்தான் மோசமாகக் கெடும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் ஏறி இறங்கும். சென்னையில் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அதனால் இங்கே ஒரு தூணில் நனைந்து காயும் பகுதியே ஒரு மாடி உயரத்துக்கு மேல் இருக்கும். கான்கிரீட் வேலைக்கான நம் நாட்டு ஐ.எஸ். 456 விதி, இந்த மாதிரி இடத்தில் கம்பிக்கு மேல் 75 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், கான்கிரீட்டின் வலிமை குறைந்தது எம் 40 தரத்தில் வேண்டும் என்கிறது. பழைய ஜெட்டிகள் பலவற்றில் மேல்மூடல் இதில் பாதிகூட இருக்காது. நான் உளி வைத்து உடைத்துப் பார்த்த இடங்களில் இரண்டு விரல் கனம் இருந்தால் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

இந்தத் துறையில் 'ஐந்தின் விதி' என்று ஒன்று சொல்வோம். 1980களில் டி சிட்டர் என்ற பொறியாளர் சொன்னது. கட்டும்போதே சரியாகக் கட்ட 1 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்காமல் விட்டால், துரு பிடிக்கும் முன் தடுக்க 5 ரூபாய் ஆகும். துரு ஆரம்பித்த பிறகு பழுதுபார்க்க 25 ரூபாய். பரவிய பிறகு 125 ரூபாய். துல்லியமான கணக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் போகிற திசை இதுதான். நம் நிதி ஏற்பாடு அந்த 5 ரூபாயைத் தராது, 25ஐத் தள்ளிப்போடும், 125ஐ விழா எடுத்துக் கொடுக்கும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். கொங்கண் பக்கம் ஒரு சின்ன பயணிகள் ஜெட்டி. ஆறு தூண்களில் பழுப்புக் கோடு வந்திருந்தது. பெயர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, மைக்ரோ கான்கிரீட் ஊற்றிச் சுற்றிலும் ஒரு உறை போட்டால் இன்னும் இருபது வருஷம் நின்றிருக்கும். எஸ்டிமேட் போட்டு அனுப்பினேன். 'இந்தத் தலைப்பில் நிதி இல்லை' என்று திரும்பி வந்தது. அடுத்த வருஷமும் அனுப்பினேன், அதற்கடுத்த வருஷமும் அனுப்பினேன். கிராமத்துப் பெண்கள் தலையில் கூடையோடு அதில் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருந்தார்கள். ஒன்பதாவது வருஷம் ஒரு மூலை இறங்கியது. நல்லவேளை, ராத்திரி. ஆறே மாதத்தில் புது ஜெட்டிக்கு ஒப்புதல் வந்துவிட்டது. ஒன்பது வருஷம் கிடைக்காத பணத்தைப்போல எத்தனையோ மடங்கு ஒரே கையெழுத்தில் வந்தது. அந்தத் திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். சந்தோஷமாக நிற்க முடியவில்லை.

விழுந்தால்தான் பணம் வரும் என்பதற்கு இந்த ஊரின் வரலாற்றிலேயே பெரிய சாட்சி உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் வெடித்தது. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், 66 தீயணைப்பு வீரர்களும் அதில் போனார்கள். ஏப்ரல் 14ஐ நாடு முழுக்கத் தீயணைப்புப் பணி நாளாக அனுசரிப்பது அவர்கள் நினைவாகத்தான். அதன் பிறகு ஏறக்குறைய 8,000 பேரை இறக்கி ஏழு மாதத்தில் இடிபாடுகளை அள்ளி டாக்குகளை மறுபடி ஓட்டினார்கள். போர்க்காலம் அது, காசுக்கும் ஆளுக்கும் பஞ்சமான நேரம். ஆனாலும் செய்தார்கள். நம் பக்கத்துக்கு வாருங்கள். 2022 மார்ச்சில் புதுச்சேரியில் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி அலையில் சரிந்தது. தூண்கள் அரித்துப்போயிருந்தது கடற்கரைக்கு நடக்கப் போகிற எவருக்கும் கண்ணில் பட்டிருக்கும்.

பணம் வந்தாலும் இன்னொரு தடை இருக்கிறது. அது நாட்காட்டி. இதை வெளியில் யாரும் பேசிக் கேட்டதில்லை. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒதுக்கீடு கீழே வந்து சேரும்போது ஜூன், ஜூலை ஆகிவிடும். அப்போது மழைக்காலம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடை, ஜெட்டி காலியாக இருக்கும். வேலை செய்ய இதைவிட நல்ல நேரம் ஏது என்று தோன்றும். ஆனால் திறந்த கடலைப் பார்த்த துறையில் அந்த மாதங்களில் தூண் பக்கம் படகை நிறுத்தவே முடியாது. நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர் எல்லாம் முடிந்து வேலை உத்தரவு கையில் வரும்போது டிசம்பரோ ஜனவரியோ ஆகியிருக்கும். மீன்வரத்து நன்றாக இருக்கும் காலம் அது. படகுக்காரர்கள் இடம் விட மாட்டார்கள், அவர்கள் பிழைப்பு அப்படி. தண்ணீர் வற்றுகிற மூன்று நான்கு மணி நேரம்தான் தூணில் கை வைக்க முடியும். அதற்குள் மார்ச் 31 வந்துவிடும். செலவாகாத பணம் திரும்பிப் போகும். அடுத்த ஏப்ரலில் மறுபடி முதலிலிருந்து.

மும்பையின் கிழக்குக் கரைக்கு இதில் ஒரு வசதி உண்டு. அது மறைவான கடல், தீவும் கரையும் அலையைத் தடுக்கின்றன. மேல்தளப் பலகை, படிக்கட்டு, ஃபெண்டர் மாதிரி வேலைகளைத் தடைக்காலத்திலும் ஓரளவு செய்யலாம். அதற்கு டெண்டரை முந்தைய ஜனவரியிலேயே முடித்து வைத்திருக்க வேண்டும். செய்ய முடியாத காரியம் இல்லை. பராமரிப்பை மூன்று வருஷ ஒப்பந்தமாக விட்டால் ஒவ்வொரு வருஷமும் இந்த ஓட்டம் தேவையில்லை. பல நல்ல அதிகாரிகள் இப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

மீனவர்களிடம் கட்டணம் வாங்கி அதிலேயே பராமரிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பல படகுத்துறைகளில் வாங்கத்தான் செய்கிறார்கள், படகு நிறுத்த, வண்டி நுழைய என்று. அந்தப் பணம் மேலே பொதுக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுவதுதான் தகராறு. ஒரு ஜெட்டியில் வாங்கும் பணம் அந்த ஜெட்டியின் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். மாதா மாதம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று ஏலக் கூடத்தில் பலகையில் எழுதிப் போட வேண்டும். அப்படிச் செய்தால் பத்து ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுப்பார்கள். கூடை சுமக்கும் பெண்களிடம் மட்டும் வாங்கக் கூடாது. அவர்கள் எடை ஜெட்டிக்கு எடையே இல்லை. ஐஸ் லாரிதான் தளத்தை நசுக்குகிறது.

புது ஜெட்டியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்வே ஆஃப் இந்தியா பக்கத்தில் ரேடியோ கிளப் அருகே 229 கோடி ரூபாயில் மகாராஷ்டிர கடல்சார் வாரியம் பயணிகள் ஜெட்டி கட்டும் திட்டம் இருக்கிறது. கொலாபாவாசிகள் வழக்குப் போட்டார்கள், 2025இல் உயர் நீதிமன்றம் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. கேட்வேயில் படகு ஏறி எலிஃபண்டா போனவர்களுக்குத் தெரியும் அங்கே நெரிசல் எப்படி என்று. புதிய இடம் தேவைதான். ஆனால் அப்படி ஒவ்வொரு புதுக் கட்டுமானத்தோடும், வருஷா வருஷம் அதன் மதிப்பில் ஒன்றோ இரண்டோ சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று தனியாக எடுத்து வைத்தால்தான் ஒப்புதல் என்று விதி இருக்க வேண்டும். இது என் கருத்து.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், பத்து ரூபாய்க் கட்டணம். மனு ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோ இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆக இங்கே மராத்தியில் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. மராத்தியில் எழுதச் சொல்வேன், கீழ்மட்ட அலுவலகத்தில் அது சீக்கிரம் நகரும். உங்கள் தெருவில் மராத்திப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இருப்பார்கள். 'ஜெட்டி ஏன் இப்படி இருக்கிறது' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. காகிதத்தைக் கேளுங்கள். இந்தக் கட்டுமானம் எந்த அலுவலகத்தின் சொத்துப் பதிவேட்டில் இருக்கிறது? கடைசியாக எப்போது கட்டுமானத் தணிக்கை (கட்டுமானம் உறுதியாக இருக்கிறதா என்ற பரிசோதனை) நடந்தது, அதன் அறிக்கையின் நகல் வேண்டும். கடந்த ஐந்து நிதியாண்டுகளில் பராமரிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவு எவ்வளவு? கடைசியாக நடந்த வேலையின் வேலை உத்தரவு நகல், அதில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்தத் தேதி வரை?

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரு வேலை முடிந்த பிறகு குறிப்பிட்ட காலம் வரை வரும் குறையைக் கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்து கொடுக்க வேண்டும். அதுவரை அவருடைய வைப்புத்தொகை அலுவலகத்தில் இருக்கும். உங்கள் அம்மா விழுந்த இடத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் பூச்சு வேலை நடந்திருந்தால், புதிதாக ஒரு பைசா ஒதுக்காமலேயே சரிசெய்ய வாய்ப்பு இருக்கிறது. தேதி தாண்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

முப்பது நாளில் பதில் வரவில்லையென்றால் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு செய்யலாம். மனுவோடு நிறுத்தாமல், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரு புகார்க் கடிதமும் கொடுங்கள். மாநில அரசுத் துறை என்றால் மகாராஷ்டிர அரசின் 'ஆப்லே சர்க்கார்' இணையதளத்திலும் புகார் போடலாம். கடிதத்தில் நிதி கேட்காதீர்கள், முதலில் மூன்று சின்னக் காரியங்களைக் கேளுங்கள்: கம்பி நீட்டிய இடத்தைத் தடுப்புக் கட்டி அடைப்பது, லாரியைத் தளத்தின் மேல் ஏற்றாமல் இருப்பது, இரண்டு விளக்கு போடுவது. இதற்கு எந்தத் திட்டமும் வேண்டாம், ஒரு உதவிப் பொறியாளரின் கையெழுத்து போதும். கட்டுமானத் தணிக்கையை அடுத்த பத்தியில் கேளுங்கள்.

படம் எடுத்து இணைக்க வேண்டும். மேல்தளத்தை மட்டும் எடுத்தால் பூசி மெழுகிவிடுவார்கள். தூணும் அடிப்பலகையும் தெரிய வேண்டும், அதற்குத் தண்ணீர் நன்றாக வற்ற வேண்டும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறுவது நடுப்பகல் 12, 1 மணிவாக்கில், வற்றுவது காலை 6, 7 மணிக்கு. கோலி மக்கள் ஏற்றத்தைப் பர்தி, வற்றுவதை ஓஹோட்டி என்பார்கள், அவர்களைக் கேட்டால் அன்றைய நேரத்தை விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தில் அம்மாவும் அங்கேதான் இருப்பார். ஒரு பக்கமாக நின்று, அளவுக்கு ஒரு மீன் கூடையை அருகில் வைத்து, பழுப்புக் கோடும் பெயர்ந்த இடமும் தெரிகிற மாதிரி எடுங்கள். தேதி தெரியட்டும். தூணுக்கு அடியில் மட்டும் போய் நிற்காதீர்கள்.